உணவு வணிக மேலாண்மை: ஒரு மேற்படிப்பு

சென்ற பொங்கலுக்கு நான் பிறந்த ஊராகிய குன்னத்தூருக்குப் போயிருந்தேன். திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வட்டத்தில் அமைந்த ஊர் அது. நான் சிறுவனாக இருந்தபோது ஊரைச் சுற்றிலும் மானாவாரிக் காடுகள் பரந்து கிடந்தன. எள்ளும் நிலக்கடலையும் சோளமும் அவற்றில் விளைந்தன. அந்தக் காடுகளில் சில இன்றும் இருக்கின்றன. ஆயினும் விடிந்ததும் பனியன் கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்க, ஊரின் இளைஞர்களில் பெரும்பாலோர் அவற்றில் ஏறித் திருப்பூருக்குச் சென்றுவிடுகிறார்கள்.

என் தம்பி ஒரு பின்னலாடை ஆலையில் பணிபுரிபவன். அவன் மகள் வேளாண்மையில் பட்டம் பெற்றிருக்கிறாள். பொங்கலன்று மாலை அவள் என்னிடம் வந்து, "பெரியப்பா, உணவுத் தொழிலுக்கென்றே மேலாண்மைப் படிப்பு இருக்கிறதுங்களாம். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். படிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் என் தம்பி, "எள்ளு விற்கிறதுக்கும் ஒரு பட்டமா, அண்ணா?" என்றான்.

அவன் கேட்டது கேலியன்று. தன் உழைப்பில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகள் வட்டியாகக் கட்டப்போகும் தகப்பனின் கேள்வி அது. உங்களில் பலருடைய இல்லங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். ஆகவே, அந்தப் படிப்பு எத்தகையது, அது எதற்காக ஏற்பட்டது, யாருக்குப் பயன்படும் என்பவற்றை உங்களோடு சேர்ந்து ஆராயலாம் என்று கருதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். உணவுத் தொழில்நுட்பம் என்பது வேறு. உணவு வணிக மேலாண்மை என்பது வேறு. பாலை எந்தச் சூட்டில் காய்ச்சினால் நுண்ணுயிர்கள் மடியும், மஞ்சளை எவ்வளவு உலர்த்தினால் பூசணம் பிடிக்காது என்பன தொழில்நுட்பத்தின் வினாக்கள். 1950-இல் மைசூரில் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்றவை இத்துறையில் பெரும்பணி ஆற்றி வருகின்றன. அந்தப் பாலை எத்தனை ஊர்களிலிருந்து, என்ன விலைக்கு, எந்த நேரத்தில் திரட்டுவது? அந்த மஞ்சளை எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனையின்பேரில் அனுப்புவது? பணம் எப்போது வரும்? குறை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இவை மேலாண்மையின் வினாக்கள்.

மேலாண்மை எல்லாத் தொழிலுக்கும் பொதுவானதுதானே, உணவுக்கு மட்டும் தனிப் படிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உணவு பிற பண்டங்களினின்றும் மூன்று வகையில் மாறுபட்டது. பனியனை ஆண்டு முழுவதும் தைக்கலாம். எள்ளோ பருவத்தில்தான் விளையும். விற்காத பனியன் கிடங்கில் காத்திருக்கும். விற்காத தக்காளி காத்திராது. பனியனில் தையல் பிசகினால் வாங்கியவர் முகம் சுளிப்பார். உணவில் பிசகு நேர்ந்தால் உண்டவர் உடல் துன்புறும். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதுதான் பன்னாட்டு உணவு வணிகத்தின் சட்டங்களையெல்லாம் வகுத்திருக்கிறது.

அண்மைக்கால உதாரணம் ஒன்று கூறுகிறேன். 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் கலந்திருப்பதாக பெல்ஜியம் நாடு ஐரோப்பிய நாடுகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. கிருமிகளைக் கொல்லப் பயன்படும் வாயு அது. எள்ளில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருத்தல் கூடாது என்பது ஒரு விதி. அதை நிறைவேற்றுவதற்கு அந்த வாயுவைப் புகையூட்டுவது ஒரு வழக்கம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலோ உணவுப் பொருளுக்கு அந்த வாயு விலக்கப்பட்டது. எள்ளில் அது ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அங்குள்ள வரம்பு. அவ்வளவு என்றால் எவ்வளவு? இருபது டன் எள்ளில் ஒரே ஒரு கிராம். அதற்கு மேல் இருந்தால் அவ்வளவு எள்ளும் தள்ளுபடியாகிவிடும்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். அந்த எள் ரொட்டியின்மீதும் பிஸ்கட்டின்மீதும் தூவப்பட்டுப் பல நாடுகளின் கடைகளுக்குப் போயிருந்தது. அப்பண்டங்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் முதல், இந்திய எள் வரும்போதெல்லாம் அவற்றில் பாதியைத் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. வாயுவைப் பயன்படுத்தியவர்கள் சிலர். சோதனைச் செலவும் காலதாமதமும் நேர்மையாக வணிகம் செய்தவர்கள் தலையிலும் விழுந்தன. ஒரு விதியைக் காக்கப் புகுந்து வேறொரு விதியை மீறுவது நேராதபடி, இரண்டையும் முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை ஆக்குவதே இப்படிப்பின் நோக்கம்.

இனி, இப்படிப்பில் கற்பிப்பவை யாவை என்று பார்ப்போம். பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு இது. கணக்கியல், நிதி, சந்தையியல், புள்ளியியல், பணியாளர் நிர்வாகம் ஆகிய பொதுப்பாடங்கள் முதலில் வரும். பிறகு விளைபொருள் கொள்முதல், குளிர்பதனக் கிடங்கு, போக்குவரத்து, உணவுச் சட்டங்கள், பன்னாட்டு வாணிபம் முதலியன வரும். இடையில் சில வாரங்கள் கிராமங்களிலோ ஆலைகளிலோ தங்கிப் பயில வேண்டும்.

பாடங்களின் பெயர்களைக் கேட்டால் உறக்கம் வரலாம். ஆகையால் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வணிகர் கிலோ 100 ரூபாய் அடக்கத்தில் 18,000 கிலோ மஞ்சளைச் சேர்க்கிறார். முதலீடு 18 லட்சம். வெளிநாட்டு வணிகர் ஒருவர் கிலோவுக்கு 112 ரூபாய்க்கு இணையான டாலர் தருவதாகச் சொல்கிறார். வரவு 20 லட்சத்து 16 ஆயிரம். மிச்சம் 2 லட்சத்து 16 ஆயிரம். நல்ல லாபம் என்று தோன்றுகிறது அல்லவா?

கொள்முதல் செய்த நாளிலிருந்து பணம் கைக்கு வர நான்கு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு 12 சதவிகித வட்டியில் 18 லட்சத்துக்கு நான்கு மாத வட்டி 72,000 ரூபாய். மிஞ்சுவது 1 லட்சத்து 44 ஆயிரம். சுத்தம் செய்தல், சிப்பம் கட்டுதல், பரிசோதனை, துறைமுகச் செலவு, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து 90,000 என்று கொள்வோம். மிஞ்சுவது 54,000. இதற்கிடையில் டாலரின் மதிப்பு ரூபாய்க்கு எதிராக இரண்டரை சதவிகிதம் இறங்கிவிட்டால், வரவில் 50,400 ரூபாய் குறைகிறது. கடைசியில் கையில் நிற்பது 3,600 ரூபாய். சரக்கு அங்கே பத்து நாள் நிறுத்தப்பட்டுவிட்டாலோ, கைமுதலே கரைந்துபோகும்.

அந்த வணிகர் நாணயமானவர், உழைப்பாளி, மஞ்சளும் முதல் தரமானது. ஆயினும் அவர் நட்டமடையக்கூடும். எங்கே விலை பேச வேண்டும், எந்தச் செலவை எந்தக் கட்டம் வரையில் ஏற்றுக்கொள்ள வேண்டும், டாலரின் ஏற்ற இறக்கத்துக்கு வங்கியில் முன்கூட்டியே எவ்வாறு காப்புச் செய்துகொள்ள வேண்டும் என்பவற்றை அறிந்திருந்தால் அந்த நட்டத்தைத் தவிர்த்திருக்கலாம். மேலாண்மைப் பள்ளியின் வகுப்பறையில் இத்தகைய கணக்குகளைத்தான் நாள்தோறும் அலசுகிறார்கள்.

அடுத்தது தர விதிகள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-இல் 'கோடெக்ஸ்' என்னும் உணவுத் தரக் குழுவை ஏற்படுத்தின. உலக நாடுகள் தத்தம் உணவுச் சட்டங்களை வகுக்கும்போது இக்குழுவின் தரங்களை அடிப்படையாகக் கொள்கின்றன. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தர நிர்ணய ஆணையம் இயங்குகிறது. விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிப்பதற்காக 1960-களில் அமெரிக்காவில் தோன்றிய முறை ஒன்றும் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. முடிந்த பண்டத்தைச் சோதித்துக் குறை காண்பதைவிட, குறை புகக்கூடிய இடங்களை முன்னரே கண்டு அங்கே காவல் வைப்பது அம்முறையின் சாரம். 'ஹாசப்' என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

இவற்றையெல்லாம் நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லேன். என் இளமைக் காலத்தில் உணவுப் பண்டங்களை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் எழுத்தனாக இருந்தேன். ஒரு முறை நாங்கள் அனுப்பிய எள் அயல்நாட்டுத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. எள்ளில் ஒரு குறையும் இல்லை. சிப்பங்களின்மேல் அச்சிட்டிருந்த லாட் எண் ஒன்று. பரிசோதனைச் சான்றுடன் சென்ற பட்டியலில் இருந்த எண் வேறொன்று. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நானே. ஓர் எண்ணை மாற்றி அடித்திருந்தேன். எண் தானே, பிழையைத் திருத்தி அனுப்பினால் போகிறது என்று அப்போது நினைத்தேன். ஆனால் சரக்கு வெளிவர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த எள்ளைத் தந்த உழவர்களுள் எங்கள் ஊரார் சிலரும் இருந்தனர். பணம் வராமல் அவர்கள் அடுத்த விதைப்புக்குக் கடன் வாங்கினார்கள். அந்த எண் எதற்காக இருக்கிறது, அது எந்தக் காட்டு எள்ளை எந்தத் தட்டோடு இணைக்கிறது என்று எனக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. நானும் கேட்டு அறிந்துகொள்ளவில்லை.

இந்தத் துறையில் படிப்பும் பொறுப்பும் ஒன்றுசேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குன்னத்தூரிலிருந்து வடக்கே போனால் கோபிசெட்டிபாளையம். அங்குள்ள வைரவிழா மேல்நிலைப் பள்ளியில் ஒரு காலத்தில் வர்கீஸ் குரியன் என்னும் மாணவர் படித்தார். தந்தையார் அவ்வூர் அரசு மருத்துவமனையில் பணியாற்றியதால் அங்கே வந்தவர். பின்னர் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குச் சென்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தார். 1949-இல் குஜராத்தின் ஆனந்த் என்னும் சிற்றூருக்கு அரசாங்கம் அவரை அனுப்பியது.

அங்கே திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-இல் உழவர்கள் ஒரு பால் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கியிருந்தார்கள். குரியன் அதில் சேர்ந்தார். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று அயல்நாட்டு வல்லுநர் கூறிவந்த காலம் அது. எச்.எம். தலாயா என்னும் தொழில்நுட்ப அறிஞர் முடியும் என்று காட்டினார். 1955-இல் ஆனந்தில் பால்பொடி ஆலை திறக்கப்பட்டது. பொடியாக்கியது தொழில்நுட்பம். நாள்தோறும் இரு வேளையும் உழவர் கொண்டுவரும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, தவறாமல் பணம் கொடுத்து, 'அமுல்' என்ற பெயரின்மேல் மக்களுக்கு நம்பிக்கை உண்டாக்கியது மேலாண்மை. எங்கள் வட்டத்து ஊத்துக்குளி வெண்ணெயும் மணத்தில் எதற்கும் குறைந்ததன்று. கொங்கு நாட்டில் அதன் பெயரை அறியாதார் இலர். ஆயினும் அமுலைப் போல நாடெங்கும் பரவவில்லை. சுவை மட்டும் ஒரு பண்டத்தை நெடுந்தூரம் கொண்டு செல்வதில்லை என்பதற்கு இது சான்றன்றோ?

1989-இல் உலக உணவுப் பரிசு குரியனுக்கு வழங்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1979-இல், உழவர் நிறுவனங்களை நடத்தத் தேர்ந்த மேலாளர்கள் வேண்டும் என்று கருதி ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகத்தை அவர் தோற்றுவித்தார். 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது.

இன்று இப்படிப்பை எங்கெங்கே பயிலலாம்? 1961-இல் தொடங்கிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் உணவு வேளாண் வணிகத்துக்கென இரண்டாண்டு மேற்படிப்பு இருக்கிறது. லக்னோ மேலாண்மைக் கழகத்திலும், ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்திலும், பெங்களூரில் உள்ள தோட்டப்பயிர் மேலாண்மைக் கழகத்திலும் வேளாண் வணிகப் படிப்புகள் உள்ளன. ஹரியானாவின் குண்ட்லியில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப மேலாண்மைக் கழகமும் மேலாண்மைப் பட்டம் அளிக்கிறது. நம் தஞ்சாவூரில் நெல் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்த நிறுவனம் 2021-இல் குண்ட்லிக் கழகத்துடன் சேர்த்துத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் வணிக மேலாண்மை கற்பிக்கப்படுகிறது. அயல்நாட்டில் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகம் இத்துறையில் புகழ்பெற்றது. மேலாண்மைக் கழகங்களில் சேர 'கேட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேளாண்மை, உணவியல், பால்வளம் போன்றவற்றில் பட்டம் பெற்றிருப்பது சில இடங்களில் தகுதியாகவும் சில இடங்களில் துணையாகவும் அமையும்.

படித்து முடித்தவர் தொடக்கத்திலேயே பெரிய நாற்காலியில் அமர்வார் என்று எண்ணிவிடாதீர்கள். கொள்முதல் அதிகாரியாக மண்டிகளில் அலையலாம். தரக் கட்டுப்பாட்டில் ஏடுகளைச் சரிபார்க்கலாம். ஏற்றுமதி ஆவணங்களோடு துறைமுகத்துக்கும் வங்கிக்கும் நடக்கலாம். 1986 முதல் இயங்கும் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமாகிய அபேடாவின் விதிகளையும், நறுமணப் பொருள் வாரியத்தின் விதிகளையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியிருக்கும். அயல்நாட்டு அலுவலகங்கள் இந்தப் படிகளைக் கடந்த பின்னரே வரும்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து லட்சம் ரூபாயைப் பத்து சதவிகித வட்டியில் ஏழாண்டில் தீர்ப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோர்க்குப் பிணையமின்றிக் கடன் கிடைக்க 2024 நவம்பரில் மத்திய அரசு 'வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆகையால் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். அங்கே படித்தவர் எத்தகைய பணிகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், அவர்களில் இருவரையேனும் நேரில் கேட்டறியுங்கள். பெயரளவில் 'பன்னாட்டு' என்று பலகை மாட்டிய இடங்களும் உண்டு. அத்தகைய இடத்துக்குக் கடன் வாங்குவதைவிட, ஓர் உணவு ஆலையில் இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் பிறகு படிப்பது மேலாகும்.

இவற்றையெல்லாம் என் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு நான் அவனுக்குத் தெரிந்த தொழிலையே உதாரணம் காட்டினேன். "திருப்பூரில் பனியன் தைக்க நம்மவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஏற்றுமதியாளர்கள் கூடி 1997-இல் பின்னலாடைக்கென்று ஒரு கல்லூரி தொடங்கவில்லையா? 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நீ பார்த்தாயே. நன்றாகத்தானே சாயம் ஏற்றினார்கள்? கழிவு நீர் நொய்யலில் எங்கே போய்ச் சேருகிறது, யாருடைய வயலைக் கெடுக்கிறது என்று உரிய காலத்தில் பொறுப்பேற்கவில்லை. பிறகு கழிவே வெளியேறாத முறையைக் கற்ற பின்னர்த்தான் பட்டறைகள் திறந்தன" என்றேன்.

"அப்படியானால் எள்ளு விற்கப் பட்டம் வேண்டும் என்கிறீர்களா, அண்ணா?" என்று மறுபடியும் கேட்டான்.

"விற்க வேண்டாம். விற்ற எள்ளுக்கு, அதை உண்பவரிடத்திலும் விளைவித்தவரிடத்திலும் பதில் சொல்வதற்கு வேண்டும். எனக்கு அது இருந்திருந்தால் நம் ஊரார் இரண்டு மாதம் காத்திருந்திருக்க மாட்டார்கள்" என்றேன்.

அவன் மகளைப் பார்த்து, "நல்ல இடமாகப் பார், அம்மணி. கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வேலைக்குப் போய்விட்டு மறுபடி எழுதிப் பார்" என்றான். அவள் இப்போது நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் பனியன் கம்பெனிப் பேருந்து வரும் நேரத்துக்கு முன்பே எழுந்து கணக்குப் போடுவதாகத் தம்பி சொன்னான்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு விளைபொருள் பெயர் பெற்றிருக்கும். ஈரோட்டு மஞ்சளாகவோ, காங்கேயத்துக் கொப்பரையாகவோ இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அது விளைந்த காட்டிலிருந்து கடைசியாக விற்கப்படும் இடம் வரையில் அதன் வழியே போய்ப் பாருங்கள். எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு ஏறுகிறது, எந்த இடத்தில் கெடுகிறது, எங்கே எழுதி வைக்கிறார்கள், எங்கே எழுதுவதில்லை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்பேடு நிறையும்போது இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.